பதிவேட்டில் ஒரு கோகு

தேமா
2015 மார்ச் 11, புதன்

அன்பு எஃபோவுக்கு,

எஃபோ, அண்ணா, உங்கள் தம்பி கோகுவி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். யாய்ராவின் அம்மா நலம். உங்கள் மகள் யாய்ராவின் இருமல் போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பாடிப் பாடி எங்கள் காதைத் தின்கிறாள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏரித் தண்ணீரைக் காய்ச்சித்தானே குடிக்கிறீர்கள்?

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி திங்கட்கிழமை அக்ரா போய் மின்சார வாரிய அலுவலகத்தில் வணிகக் கட்டட வயரிங் தேர்வுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். காலை ஏழு மணிக்கே போயும் எனக்கு முன்னால் நாற்பது பேர். ஜன்னலில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டினார், பெரிய பதிவேட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார். அந்த வேலை அப்படி முடிந்தது.

இன்னொரு சமாசாரம். மீன் வியாபாரி நா டெடெய் அம்மாவைத் தெரியுமல்லவா? ஒன்பதாம் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்புகிறார். எட்டுக் கடைகள். "கோகு தோக்பே நீதானே? நல்ல வேலைக்காரன்னு சொன்னாங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆமாம் என்றேன். பொய் இல்லையே எஃபோ. நாம் இருவருமே புதன்கிழமை பிறந்தால் அப்பா அந்தக் கிழமைப் பெயரான கோகுவைத் தவிர வேறு என்ன வைப்பார்? வீட்டில் நீங்கள் கோகுகா, பெரிய கோகு; நான் கோகுவி, சின்ன கோகு. காகிதத்தில் 'கா'வும் இல்லை, 'வி'யும் இல்லை. இரண்டு பேருமே வெறும் கோகு தோக்பே.

ஒரு நண்பன் கேட்கச் சொன்னான்: எட்டுக் கடைக்கு மூன்று ஃபேஸ் இழுத்தால் நியூட்ரல் கம்பி எவ்வளவு கனம் இருக்க வேண்டும்?

கடவுள் உங்களைத் தண்ணீர் மேல் காப்பாராக. மியா தோகோ, மறுபடி பார்ப்போம்.

தம்பி
கோகுவி

*

தம்பாய் அருகே, ஏரித் தீவு
மார்ச் 29

தம்பி கோகுவிக்கு,

உன் கடிதம் யாம் கிழங்கு ஏற்றப்போன லாரியில் வந்து, படகில் ஏறி, பதினெட்டாம் நாள் என் கைக்குச் சேர்ந்தது. போனில் பேசலாமே என்பாய். இங்கே சிக்னல் பிடிக்க ஒரு மாமரம் இருக்கிறது. அதில் ஏற என் முழங்கால் ஒப்பாது. மற்றபடி சுகம். கிளினிக் கூரைகளில் சோலார் தகடு மாட்டுகிறோம். தினமும் திலாப்பியா மீன்தான். உங்கள் எல்லாரையும் நினைத்துக்கொண்டுதான் முள்ளெடுக்கிறேன்.

உன் 'நண்பனிடம்' சொல்: ஃபேஸ் கம்பி என்ன கனமோ நியூட்ரலும் அதே கனம். ஒரு நூல் குறையக்கூடாது. இதுகூடத் தெரியாதவன் எட்டுக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் கூடாது. அந்த நண்பனுக்கு உன் மூக்கும் உன் காதும்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தேர்வு எந்தத் தேதி? அதை எழுதவே இல்லையே. நீண்ட கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தேடித் தேடிப் பார்த்தேன். உரிம அட்டை கைக்கு வரும்வரை நா டெடெய் அம்மாவிடம் 'யோசிக்கிறேன்' என்று மட்டும் சொல். உன் வீட்டு வயரிங் அட்டை, நமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டரின் கடிதத்தை வைத்து அந்தக் காலத்தில் கொடுத்தது. அதைக் கொண்டு ஒரு கடையின் பல்பைக்கூட மாற்றக்கூடாது.

என் வணிக அட்டை அலமாரித் தகரப் பெட்டியில் இருக்கிறது. ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உன் அண்ணன்
கோகுகா

*

தேமா
ஏப்ரல் 20

அன்பு எஃபோவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே சுகம், தும்சோர் மின்வெட்டு ஒன்றைத் தவிர. பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம், இருபத்துநாலு மணி நேரம் இருட்டு. யாய்ராவின் அம்மா விற்பதற்குச் சோளமாவு அபோலோ அவிக்கிற சட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தை பாடம் படிக்கிறாள். அடுப்பு வெளிச்சம்தான் விளக்கு. ஊரில் ஜெனரேட்டர் சத்தத்தில் பேச்சு கேட்பதில்லை. நமக்கோ வேலைக்குப் பஞ்சமில்லை.

தேர்வு தள்ளிப்போயிருக்கிறது. தேதி தெரிந்ததும் எழுதுகிறேன்.

நா டெடெய் கட்டடத்தில் குழாய் பதிக்கிற வேலைதான் செய்கிறேன். சுவரை வெட்டிக் குழாய் பதிக்க எந்த அட்டையும் வேண்டாம், பயப்படாதீர்கள். ஹோமோவோ பண்டிகைக்கு முன்னால் கடைகளைத் திறந்துவிட வேண்டும் என்று தினமும் வந்து நிற்கிறார். வந்தால் சும்மா போவதில்லை, எல்லாருக்கும் கெங்கேயும் பொரித்த மீனும் வரும்.

உங்கள் பெட்டி பத்திரம். முழங்காலுக்கு ஷியா வெண்ணெய் சூடாக்கித் தேயுங்கள்.

தம்பி
கோகுவி

*

ஏரித் தீவு
மே 10

தம்பி கோகுவிக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். நம்புவது தவிர இங்கே வேறு வேலையும் இல்லை. மூன்று நாளாக மழை.

எங்கள் குழுவில் ஹோ நகரத்துக்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அவருடைய மைத்துனன் ஏப்ரலில் வணிகத் தேர்வு எழுதினானாம். எழுத்துத் தேர்வு ஒரு நாள், செய்முறை ஒரு நாள். தேர்வு தள்ளிப்போனதாக அவர் கேள்விப்படவில்லை. ஒருவேளை அக்ரா மையத்தில் மட்டும் தள்ளிவைத்தார்களோ என்னவோ. அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோகுவி, விண்ணப்பத்தில் ஏதாவது சிக்கலா? ஜன்னலில் இருந்தவர் உன்னைப் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். எதற்குப் பார்த்தார்?

இங்கே திட்ட அதிகாரி என் அசல் அட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறார். தகரப் பெட்டியிலிருந்து எடுத்து உறையில் போட்டு ஒட்டி, தம்பாய் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடு.

அண்ணன்
கோகுகா

*

ஏரித் தீவு
ஜூன் 7

கோகுவி,

நான்கு வாரம் ஆயிற்று. கடிதமும் இல்லை, அட்டையும் இல்லை. பஸ் டிரைவரை மூன்று முறை கேட்டுவிட்டேன். இப்போது என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுது. ஒரு வரி போதும்.

கோகுகா

*

தேமா
ஜூன் 14

யாய்ராவின் அப்பாவுக்கு,

எசினாம் எழுதுகிறேன். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், நீங்கள் கண்டபடி கற்பனை செய்து முடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தம்பிக்கும் ஒன்றுமில்லை. சாப்பிடுகிறான், சிரிக்கிறான், வேலைக்குப் போகிறான். கடிதம் எழுது என்றால் மட்டும், "எழுதிக்கிட்டே இருக்கேன் யாய்ராம்மா" என்று நழுவிவிடுகிறான்.

வெள்ளிக்கிழமை வாரியத்திலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். ஒன்பதாம் பகுதி மூன்று மாடிக் கட்டடத்தில் கோகு தோக்பே செய்து முடித்ததாகக் கையெழுத்திட்ட வயரிங் வேலையை ஜூலை எட்டாம் தேதி ஆய்வாளர் வந்து பார்ப்பாராம். அதற்குப் பிறகுதான் மீட்டர். கீழே உங்கள் அட்டை எண். நீங்கள் ஜனவரியிலேயே ஏரிக்குப் போய்விட்டீர்களே, எப்போது போய் கையெழுத்துப் போட்டீர்கள்? கோகுவியைக் கேட்டேன். "பேரு ஒண்ணுதானே, அவங்க குழப்பிக்கிட்டாங்க" என்றான். வாரியத்துக்காரர்கள் குழப்பக்கூடியவர்கள்தான். ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இனி நல்ல செய்தி. உங்களை அசத்த வேண்டும் என்று மறைத்து வைத்திருந்தேன். அதே கட்டடத்தில் மூன்றாம் நம்பர் கடையைப் பிடித்துவிட்டேன். அபோலோ விற்று விற்றுக் கை வெந்தது போதும். ஃப்ரீசர் வாங்கிப் போட்டு மீன் வியாபாரம். ஜூலை பன்னிரண்டு திறப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் யாய்ரா அங்கேயே இருக்கலாம், தண்ணீர்க் குழாய்கூடக் கடைக்குள்ளேயே இருக்கிறது.

கோகுவி மெயின் பெட்டியைத் திறந்து காட்டினான். அவ்வளவு அழகாகக் கம்பிகளைச் சீவி வாரி முடித்திருக்கிறான். "மத்தவங்க மூணு ஃபியூஸ் போடுவாங்க, நான் நியூட்ரலுக்கும் சேர்த்து நாலு போட்டிருக்கேன். உங்க ஃப்ரீசருக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் தம்பி தேறிவிட்டான்.

காய்ச்சாத தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

எசினாம்

*

ஏரித் தீவு
ஜூன் 21

கோகுவி,

மழையில் மாமரத்திலும் சிக்னல் இல்லை. இதைப் படகுக்காரரிடம் கொடுத்து, பஸ்ஸில் போகிற நர்ஸ் ஒருவர் கையோடு கொண்டுவந்து தர ஏற்பாடு செய்திருக்கிறேன். நலம் விசாரிக்க மனம் இல்லை, மன்னித்துக்கொள். மற்றதெல்லாம் பிறகு பேசுவோம். முதலில் அந்த நாலாவது ஃபியூஸை எடு.

மாஸ்டர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது: "போகிற கம்பிக்கு ஒண்ணு, வர்ற கம்பிக்கு ஒண்ணு, ரெண்டு பக்கமும் பூட்டு." அவர் வாழ்நாள் முழுக்க இரண்டு கம்பி வீடுகளுக்கே வயரிங் செய்தார். வீட்டில் நியூட்ரல் ஃபியூஸ் எரிந்தால் விளக்கு அணையும், நாம் திட்டிக்கொண்டே போய்ப் பார்ப்போம். மூன்று ஃபேஸ் கட்டடத்தில் அது எரிந்தால் விளக்கு அணையாது. நியூட்ரல் இல்லாமல் மூன்று ஃபேஸும் ஒன்றையொன்று இழுக்கும். எந்தக் கடையில் குறைவாக ஓடுகிறதோ அந்தக் கடைக்கு முந்நூறு, முந்நூற்றைம்பது வோல்ட் பாயும். டிவி எரியும், ஃப்ரீசர் மோட்டார் புகையும், கம்பியில் தீப்பிடிக்கும். நீ போட்ட அழகான ஃபியூஸ் என்றைக்கு எரிகிறதோ அன்றைக்கு. முதல் நாளே எரியலாம், மூன்று வருஷம் கழித்தும் எரியலாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டியான செம்புத் தகட்டைப் போட்டு முறுக்கு. இரண்டு தடவை முறுக்கு.

என் மனைவியும் மகளும் அந்தக் கடையில், ஈரத் தரையில் நிற்கப்போகிறார்கள். ஏன் என் எண்ணைப் போட்டாய் என்று கேட்க வேண்டும். ஆனால் முதலில் ஃபியூஸ்.

கோகுகா

*

தேமா
ஜூன் 28

எஃபோவுக்கு,

நர்ஸ் அம்மா கடிதத்தைத் தந்தார். ஏன் உங்கள் எண்ணைப் போட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, கேளுங்கள்.

மார்ச் மாதம் அந்த ஜன்னலில் இருந்தவர், வணிகத் தேர்வுக்குக் கட்டாயமான என் பள்ளிச் சான்றிதழை எடுத்தார். எண்ணைப் பதிவேட்டில் தேடினார். தேடி, விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என்னப்பா விளையாடுறியா? இந்தச் சான்றிதழுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, அட்டையும் வாங்கியாச்சு. கோகு தோக்பே, நீதானே? அட்டை தொலைஞ்சா நகல் கேளு. எதுக்கு மறுபடி பரீட்சை?"

பின்னால் நாற்பது பேர். நான் 'இல்லை, அது என் அண்ணன்' என்று சொன்னால் உங்கள் அட்டை அந்த நிமிஷமே போயிருக்கும். "ஆமா சார், மறந்துட்டேன்" என்றேன். பாஸ் செய்ததையே மறந்தவன் என்று வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

எனக்கு முன்பே தெரியும் எஃபோ. 2010இல் என் சான்றிதழ் பெட்டியிலிருந்து ஒரு வாரம் காணாமல் போய்த் திரும்பி வந்தது. பின்பக்கம் ஊதா முத்திரையின் தடம் இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. நான் படிப்பதற்காகத்தான் நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்று மாஸ்டரிடம் போனீர்கள். அந்தக் காகிதத்தில் பாதி உங்களுடையது என்று நினைத்துக்கொண்டேன். அது என் தேர்வையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று நினைக்கவில்லை.

பதிவேடே நான் பாஸ் என்கிறது. நா டெடெய் அம்மா வேலையை நீட்டுகிறார். அட்டையின் நகலில் முகம் கரிப்பிடித்துத் தெரிகிறது; அது நீங்களா நானா என்று நம்மைப் பெற்ற அம்மாகூடச் சொல்ல மாட்டார். படிவத்தில் பெயர் எழுதினேன், என் பெயர். கையெழுத்துப் போட்டேன், என் கையெழுத்து. எண் மட்டும் உங்களுடையது. 'என் பெயரில் வேலை செய்யாதே' என்று என்னிடம் சொல்லத்தானே இவ்வளவு தூரம் எழுதினீர்கள்? நீங்கள் ஐந்து வருஷமாக என் சான்றிதழில் வேலை செய்கிறீர்கள்.

அட்டையை இத்துடன் அனுப்புகிறேன். ஈரம் படவில்லை.

கோகுவி

*

ஏரித் தீவு
ஜூலை 3

தம்பிக்கு,

கடிதமும் அட்டையும் நேற்று வந்தன. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். எல்லாம் நியாயம். ஆனால் ஃபியூஸை எடுத்தாயா என்று அதில் எங்கேயும் இல்லை. மடிப்பில் மறைந்திருக்கிறதோ என்று உறையைக்கூடக் கிழித்துப் பார்த்தேன்.

நான் திருடினேன் கோகுவி. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. 'பெயர் ஒன்றுதானே' என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் முறை வரும்போது என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தேர்வுக்குப் போ, தேர்வுக்குப் போ என்று உன்னை விரட்டியவனும் நான்தான், கதவைப் பூட்டிவிட்டுப் போனவனும் நான்தான்.

ஒன்று சொல்கிறேன். செய்முறைத் தேர்வில் நானும் நாலு ஃபியூஸ்தான் போட்டேன். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, பெருமையோடு. தேர்வாளர் வந்தார், நாலாவதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இது ஆளைக் கொல்லும். எப்படின்னு யோசிச்சுச் சொல்லு, அதுவரைக்கும் உக்காரு" என்றார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்ன பிறகுதான் மதிப்பெண் போட்டார். அந்த ஒன்றரை மணி நேரம் உனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் செய்தது நான். அதனால் அந்தக் கட்டடத்தில் இருக்கிற ஃபியூஸ் நான் போட்டது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை வாரியத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். 2010இல் கொடுத்த பள்ளிச் சான்றிதழ் என்னுடையது அல்ல, என் தம்பியுடையது, அவனுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று. அட்டையையும் உள்ளே வைத்துவிட்டேன். வெறும் கோகு என்று கையெழுத்துப் போட்டால் மறுபடியும் குழப்பம் வரும். கோகுகா என்று போட்டேன். காகிதத்தில் அந்த எழுத்தைப் போடுவது இதுதான் முதல் தடவை.

மழையில் துறைப் பாலம் இடிந்து கிடக்கிறது. கடிதப் பையைப் படகுக்காரர் எட்டி வாங்கிக்கொள்கிறார், இந்த முழங்காலோடு என்னால் படகில் ஏற முடியாது. எட்டாம் தேதிக்குள் நான் வர வழியில்லை. ஃபியூஸை எடு. உன்னைக் கெஞ்சுகிறேன்.

கோகுகா

*

தேமா
ஜூலை 9

அன்பு எஃபோவுக்கு,

எங்கள் உடம்புக்குக் குறைவில்லை. உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. போன கடிதத்தில் கோபத்தில் ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். இத்தனை நாள் உங்களைத் துடிக்கவிட்டிருப்பேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

உங்கள் கடிதத்தை நான் நம்பவில்லை. மாஸ்டர் தப்பாகச் சொல்லியிருப்பாரா? நா டெடெய் அம்மாவின் மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரை மெயின் பெட்டியில் இணைத்து, ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று பல்பை மாட்டினேன்: இருநூறு வாட் ஒன்று, அறுபது ஒன்று, நாற்பது ஒன்று. மூன்றும் ஒழுங்காக எரிந்தன. கையுறை போட்டுக்கொண்டு நியூட்ரல் ஃபியூஸை உருவினேன். பெரிய பல்பு மங்கிச் சிவந்தது. நாற்பது வாட் பல்பு கண் கூசுகிற மாதிரி வெள்ளையாகி, பட்டென்று வெடித்தது. கண்ணாடித் துண்டு என் கன்னத்தில் பட்டது. அது பல்பு. மூன்றாம் நம்பர் கடையின் ஃப்ரீசர் அந்த ஃபேஸில்தான் இருக்கிறது. அங்கேயே சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே செம்புத் தகடு போட்டேன். இரண்டு தடவை முறுக்கினேன்.

நேற்று ஆய்வாளர் வந்தார். பெண். ஃபேஸ், நியூட்ரல், எர்த் எல்லாவற்றையும் மீட்டரால் தொட்டுத் தொட்டுக் குறித்துக்கொண்டார். வேலையில் குற்றம் சொல்லவில்லை. கடைசியில் பேனாவைத் திறந்துகொண்டு, "கோகு தோக்பே?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சுவரில் யாய்ரா கரியால் எழுதிவைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்: 'கோகுவி சித்தப்பா செஞ்ச பெட்டி.' அவரும் நம் எவே ஆள்தான், சொந்த ஊர் கேட்டாவாம். நம் மொழியிலேயே கேட்டார்.

"வீட்டுல ரெண்டு கோகு இருந்தாத்தானே 'வி' வரும். நீ எந்த கோகு?"

வேறு யார் வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் சின்னவன் என்றேன். அட்டை பெரியவருடையது, அவர் ஊரில் இல்லை, அவருக்குத் தெரியாமல் எண்ணை எழுதினேன், தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு மெயின் ஸ்விட்சுக்கு முத்திரை வைத்தார். நா டெடெய் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. பண்டிகைக்குக் கடை திறக்காது. யாய்ராவின் அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் தட்டில் அக்பிளே களி வைத்துத் தள்ளினார்.

பள்ளிச் சான்றிதழ் பற்றி மூச்சு விடவில்லை எஃபோ. அது நமக்குள்ளே இருக்கட்டும். உங்கள் அட்டைக்கு ஒன்றும் வராது, நிம்மதியாகத் தூங்குங்கள்.

மியா தோகோ.

தம்பி
கோகுவி

*

தேமா
ஜூலை 24

அன்பு எஃபோவுக்கு,

ஜூலை மூன்றாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம், நான் என் கடிதத்தை பஸ்ஸில் ஏற்றிவிட்ட மறுநாள் வந்தது. படித்துவிட்டு வாசலிலேயே நின்றேன். என்ன ஆச்சு என்று யாய்ராவின் அம்மா கேட்டார், அதுதான் இரண்டு நாளில் அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை. கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். படித்தார். "ரெண்டு பேரும் ஒரே முட்டாள்" என்றார். பிறகு துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அபோலோ சட்டிப் பக்கம் போய்விட்டார்.

நேற்று வாரியத்திலிருந்து கடிதம். இரண்டு அட்டைகளும் முடக்கம், உங்கள் வணிக அட்டையும் என் வீட்டு அட்டையும். இருவரும் நேரில் வர வேண்டும். அதன் பிறகு நம்மைத் தேர்வு எழுத விடுவார்களா, ஒரேயடியாகப் பெயரை நீக்கிவிடுவார்களா, போலீசுக்கு அனுப்புவார்களா, எதுவும் அதில் இல்லை. படித்துப் படித்துக் காகிதம் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது எஃபோ. வேலைப் பையைப் பார்க்கவே முடியவில்லை, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நா டெடெய் அம்மா வேறு ஆளைக் கூட்டிவந்தார். சரியான அட்டைக்காரர், தாகோராடியிலிருந்து. மெயின் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எதையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னாராம். அதைச் சொல்லவே யாய்ராவின் அம்மா ஒன்பதாம் பகுதியிலிருந்து நடந்து வந்தார். மூன்றாம் நம்பர் கடை இன்னும் யாய்ராவின் அம்மாவுக்குத்தான்.

விசாரணை ஆகஸ்ட் பன்னிரண்டு. புதன்கிழமை, வேறு எந்தக் கிழமை வரும்? இரண்டு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். படகின் முன்பக்கம் உட்காராதீர்கள், முழங்கால் அடிபடும்.

கடிதத்தின் மேலே பெறுநர் என்ற இடத்தில் இரண்டு வரி தட்டச்சு செய்திருக்கிறார்கள். கோகுகா தோக்பே. அதற்குக் கீழே, கோகுவி தோக்பே. அந்த ஜன்னலில் பெயர் கூப்பிடும்போது நான் முதலில் எழுந்திருக்க மாட்டேன் எஃபோ. உங்கள் பெயர்தான் மேலே இருக்கிறது.

உங்கள் தம்பி
கோகுவி தோக்பே